பின்விளக்கு யாருக்கு?

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு போனால் மூதூர் வரும். மூதூரிலிருந்து உள்ளே திரும்பினால் தோப்பூர். மகாவலியின் கிளைகள் கடலிற் கலக்கும் அந்தப் பக்கத்தில் நெல்லே வாழ்வு, நெல்லே கடன், பிள்ளைகளின் படிப்பும் கலியாணமும் நெல்லை நம்பியே. புரட்டாதி பிறந்து வானம் ஒரு முறை கறுத்துவிட்டால் பெரும்போகத்துக்கான பரபரப்பு வீட்டுக்கு வீடு தொடங்கிவிடும். அந்த நாட்களில் ஊரில் எல்லோரும் தேடுகின்ற மனிதர் உழவு இயந்திரம் திருத்துகிறவர்தான்.

அப்படியொரு புரட்டாதியில், தகரக் கொட்டகை ஒன்றில் நடக்கும் திருத்துமிடத்தில் நான் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. என் மோட்டார் சைக்கிளுக்குச் சிறிய வேலை. எனக்கு முன்னால் வந்து நின்றது ஒரு பழைய மாஸி பெர்குசன் 35. மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே, பல வருடங்களாகப் பல கைகள் முறுக்கிச் சுற்றிய வயர்கள், எலி கடித்ததும் வெயிலில் வெடித்ததுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அருகே அதன் உடைமையாளர் நின்றார். சற்றுத் தள்ளி, அதை ஓட்டுகின்ற கூலி இளைஞன் பேசாமல் நின்றான்.

“காக்கா, இப்ப ஸ்டாட் வந்தாக் காணும். மற்ற லைற் வேலையெல்லாம் வேளாண்மை வெட்டினாப் பிறகு பாப்பம். அந்தக் கியர் சுவிச்சையும் விட்டுட்டு நேரே குடுங்க. அது எப்பவும் கரைச்சல்” என்றார் உடைமையாளர்.

“ஸ்டாட்டும் தாறன், லைற்றும் தாறன். காசைப் பிறகு தாங்க தம்பி. சுவிச்சை மட்டும் வெட்டச் சொல்லாதீங்க, அது ஏலா” என்றார் திருத்துகிறவர்.

இவ்வளவுதான் உரையாடல். ஆனால் இந்த நாலு வாக்கியங்களுக்குள் ஓர் அறக்கேள்வி முழுமையாக அடங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு பொருளுக்குக் காசு கொடுக்கிறவன் ஒருவன். அதனால் காக்கப்படுகிறவன் வேறொருவன். அதைச் செய்கிறவன் மூன்றாமவன். இந்த நிலையில் கடமை யாருடையது? இதை ஆராய்வதற்கு முன், அந்த வயர்கள் என்ன வேலை செய்கின்றன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளை அறியாமல் பொருளின் அறத்தைப் பேசுவது வெறும் உபதேசமாகிவிடும்.

மாஸி பெர்குசன் 35 இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1957 முதல் 1964 வரை செய்யப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் உழவு இயந்திர உற்பத்தி 2002ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுவிட்டது. பிறந்த வீடு மூடப்பட்ட பின்னும் பிள்ளைகள் இலங்கையின் வயல்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எருமைகள் மிதித்த சூட்டை ஒரு காலத்தில் இவை மிதித்தன. அந்த வேலையை இப்போது பெரும்பாலும் அறுவடை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. உழவும், பெட்டி பூட்டிப் பாரம் ஏற்றுவதும் இன்னும் இவற்றின் பங்கில் இருக்கின்றன.

இந்த இயந்திரத்தின் வயர்கள் அசட்டை செய்யப்படுவதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. பழைய டீசல் எஞ்சின் ஒரு முறை இயங்கத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. அழுத்தத்தாற் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றுகிறது. எரிபொருளைச் செலுத்தும் பம்பு எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குகிறது. பற்றரி செத்துக் கிடந்தாலும் இன்னோர் உழவு இயந்திரத்தைக் கொண்டு இழுத்து இதைக் கிளப்பிவிடலாம். ஆகவே, வயர் இல்லாவிட்டாலும் வயல் உழப்படும், கூலி வரும், இலாபமும் வரும். இலாபத்தைத் தடுக்காத பழுது எதுவும் பழுதாகக் கணக்கிடப்படுவதில்லை. இது தோப்பூருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சந்தை ஆளுகின்ற இடமெல்லாம் உள்ள வழக்கம்.

புதிதாக வயர் போடுகிறவர் என்ன செய்ய வேண்டும்? முதலில், உடலோடு இணைந்த பற்றரிக் கம்பியைக் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேய இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்ட்டனேட்டர் பூட்டியவர்கள் அதை மாற்றி எதிர்முனையை உடலோடு இணைத்தார்கள். எது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பற்றரியை மாற்றிக் கொடுத்தால், ஆல்ட்டனேட்டரின் உள்ளே இருக்கும் டயோடுகள் கணத்தில் எரிந்துவிடும். முன்னே வேலை செய்தவன் என்ன செய்தான் என்று அறியாமல் பின்னே வருகிறவன் கைவைக்க முடியாது.

அடுத்தது இணைப்புகள். ஸ்டாட்டர் மோட்டாருக்கு 200 அம்பியர் மின்னோட்டம் போவதாக வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த ஓர் இணைப்பு 1 ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை அந்தப் பாதையில் வைத்தாற் போதும்; 12 வோல்டில் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அந்த ஒரு புள்ளியில் 400 வாட் வெப்பமும் பிறக்கும். உடைமையாளர் பற்றரியைத் திட்டுவார், புதிய பற்றரி வாங்குவார். குற்றவாளியோ கண்ணுக்குத் தெரியாத அந்தத் துருவே. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இந்தத் துருவுக்குப் பஞ்சமில்லை. பளபளக்கும் வரை உலோகத்தைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசி வைப்பது அரை மணி நேர வேலை. மூடியைப் போட்ட பிறகு அதை எவரும் காணப்போவதில்லை.

பியூஸ் இன்னொரு பாடம். பியூஸ் விளக்கைக் காப்பதற்காக இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது காப்பது வயரை. அடிக்கடி எரிகிறதே என்று அதன் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது பலவீனமான இடத்தில் எரிய வேண்டியது, தீப்பிடிக்கக்கூடிய இடத்தில் எரிகிறது. வயரின் நிறங்களும் காரணத்தோடுதான் வைக்கப்பட்டன. இந்த இயந்திரங்களுக்குரிய ஆங்கிலேய வழக்கில், எப்போதும் மின்சாரம் உள்ள வயர் மண்ணிறம், திறப்பைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவது வெள்ளை, பின்விளக்குக்குச் சிவப்பு, உடலோடு சேர்வது கறுப்பு. கையில் அகப்பட்ட ஒரே நிற வயரால் எல்லாவற்றையும் இழுத்துவிட்டாலும் மின்சாரம் ஓடத்தான் செய்யும். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த மூடியைத் திறக்கப்போகும் முகமறியாத தொழிலாளியை அது குருடனாக்கிவிடும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்த உழவு இயந்திரத்தின் மின்சாரச் சுற்றுகளை, ‘இது யாருக்குப் பயன்?’ என்ற கேள்வியை வைத்துப் பிரித்தால் மூன்று வகையாகின்றன.

முதல் வகை, பற்றரி, டைனமோ, ஸ்டாட்டர். இவை உடைமையாளருக்குப் பயன்படுகின்றன. காலையில் இயந்திரம் கிளம்பாவிட்டால் அவருக்கு நட்டம். ஆகவே இவற்றுக்கு அவர் காசு கொடுப்பார்.

இரண்டாவது வகை, கியரோடு இணைந்த அந்தச் சிறு சுவிச். உயர்வேகத்துக்கும் தாழ்வேகத்துக்கும் நடுவே ‘எஸ்’ என்று குறித்த நிலையில் கோலை வைத்தால் மட்டுமே ஸ்டாட்டர் சுற்றும். கியரில் கிடக்கும் இயந்திரம் திடீரென்று கிளம்பி, பக்கத்தில் நிற்கிறவனின் மேல் ஏறாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. சுவிச் பழுதானால் அதை வெட்டிவிட்டு நேரே இணைத்துவிடுகிறார்கள். சிலர் நிலத்தில் நின்றபடியே ஸ்டாட்டரின் இரு முனைகளையும் திருப்புளியால் தொட்டுக் கிளப்புகிறார்கள். பின்சில்லுக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்கிறவன் எவன்? உடைமையாளன் அல்லன், நாட்கூலிக்கு ஓட்டுகிறவன்.

மூன்றாவது வகை பின்விளக்கு. இரவில் நெல்மூடைகளோடு பெட்டியை இழுத்துப் போகும்போது முன்விளக்கு ஓட்டுகிறவனுக்கு வழிகாட்டும். பின்விளக்கோ உடைமையாளனுக்கும் பயன்படாது, ஓட்டுகிறவனுக்கும் பயன்படாது. பின்னால் வருகின்ற அந்நியனுக்காக மட்டுமே அது எரிகிறது. அவன் சைக்கிளில் வரும் மாணவனாக இருக்கலாம். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் மேசனாக இருக்கலாம். தன்னைக் காப்பாற்றிய விளக்கை அவன் நினைத்துப் பார்க்கப்போவதில்லை.

பயன் கையை விட்டு எவ்வளவு விலகிப் போகிறதோ, அவ்வளவுக்குக் காசும் கையை விட்டு வர மறுக்கிறது. ஸ்டாட்டருக்கு உடனே காசு, சுவிச்சுக்குக் காசில்லை, பின்விளக்குக்கு “பிறகு பாப்பம்.” வள்ளுவர் செய்யத்தகாததைச் செய்வதையும் செய்யத்தக்கதைச் செய்யாமையையும் ஒரே குறளில் வைத்து, இரண்டாலும் கேடு வரும் என்றார். சுவிச்சை வெட்டுவது முதல் வகைக் குற்றம். பின்விளக்கைப் போடாமல் விடுவது இரண்டாம் வகை. இரண்டாவதே கொடியது என்று நான் எண்ணுவதுண்டு. ஏனெனில் அதைச் செய்தவனை எவரும் கண்டுபிடிக்க முடியாது.

அன்று திருத்துகிறவர் எனக்குச் சொன்ன ஒரு சம்பவம் இதற்குச் சாட்சி. பல வருடங்களுக்கு முன் அவர் ஓர் இயந்திரத்துக்கு ஸ்டாட்டர் வேலையை மட்டும் செய்து அனுப்பினார். பெட்டிக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவரும் விட்டுவிட்டார். அந்தப் போகத்திலேயே ஓர் இரவு, சைக்கிளில் வந்த பையன் ஒருவன் அந்தப் பெட்டியின் பின்புறத்தில் மோதினான். உயிர் தப்பியது, ஒரு கால் போயிற்று. வழக்கு ஓட்டியவனின் மேல் வந்தது. உடைமையாளர் தண்டிக்கப்படவில்லை. திருத்தியவரை ஒருவரும் கேட்கவே இல்லை. “என்னை யாரும் கேக்கல்ல, அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல்” என்றார் அவர்.

பையனின் காலை எடுத்தது யார்? ஓட்டியவன் என்று சட்டம் சொல்லலாம். விளக்கில்லாத பெட்டியை இழுக்க மறுத்தால் அடுத்த நாள் அவனுக்கு வேலையில்லை. உடைமையாளர் என்று நாம் சொல்லலாம். அவர் பெரிய போடியார் அல்லர். அந்த இயந்திரத்தையே கடனில் வாங்கியவர். உரம், விதை, டீசல் எல்லாவற்றுக்கும் கடைக்காரருக்குக் கடமைப்பட்டவர். அறுவடை நாளில் நெல்லின் விலையைத் தீர்மானிக்கிறவர் அவர் அல்லர். ஏழை விவசாயியின் மேல் அறத்தை ஏற்றிவைத்துவிட்டு நகரத்தில் நாம் நிம்மதியாக உறங்குவது எளிது. அந்த எளிமைக்கு இந்தக் கட்டுரை துணை போகாது.

இன்னொரு வாதமும் உண்டு. அதை மதிப்போடு கேட்க வேண்டும். ‘ஒப்பேற்றிக் கொள்வதே ஏழைகளின் அறிவு’ என்பது அது. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடையின்போது, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 2006 ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் சண்டை சூழ்ந்தபோது, மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் கிடைத்த பொருளைக் கொண்டு கிடைத்த இயந்திரத்தை எழுப்பித்தான் வயலில் இறங்க முடிந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. உதிரிப்பாகம் கிடைக்காத அந்த நாட்களில், பழைய வயரையே முறுக்கிச் சுற்றி நாட்டுக்குச் சோறு போட்டவர்கள் இந்தக் கொட்டகைக்காரர்கள். அவர்களுடைய ஒப்பேற்றலைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

உண்மை. ஆனால் முற்றுகைக் காலத்தின் அறம் வேறு, வழக்கமான காலத்தின் அறம் வேறு. வழி இல்லாதபோது செய்த ஒப்பேற்றல் வீரம். வழி இருக்கும்போதும் அதையே தொடர்வது, ஆபத்தை நமக்குக் கீழே இருக்கிறவன் தலையில் கட்டுவதாகும். ஒப்பேற்றலை எடைபோட ஒரு கேள்வி போதும்: இது பிழைத்துப்போனால் அடிபடுகிறவன் யார்? மண்ணெண்ணெயில் ஓட்டியவன் தன் எஞ்சினைத்தான் பணயம் வைத்தான். சுவிச்சை வெட்டச் சொல்கிறவன் பணயம் வைப்பது கூலிக்காரனின் உடலை. பின்விளக்கை மறுக்கிறவன் பணயம் வைப்பது அந்நியனின் பிள்ளையை. தன் பொருளைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. பிறன் உயிரை வைக்க, எவ்வளவு வறியவனாக இருந்தாலும் உரிமை இல்லை.

இந்த இடத்தில் அந்தத் திருத்துகிறவரின் விடையைக் கவனியுங்கள். சுவிச்சை வெட்ட மாட்டேன் என்று அவர் மறுத்தார்; பின்விளக்குக்கான காசைப் பிறகு வாங்கிக்கொள்வதாக ஒத்துக்கொண்டார். இது உயர்ந்த செயல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாம் கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. கணக்கைப் பாருங்கள்: இயந்திரத்தால் இலாபம் காண்கிறவர்கள் பலர். கடன் கொடுத்தவருக்கு வட்டி, ஆலைக்காரருக்கு நெல், நகரத்துக்குச் சோறு. தெருவில் போகிறவனின் பாதுகாப்புக்கான செலவை மட்டும், அவர்கள் எல்லோரிலும் வறியவரான ஒரு கொட்டகைத் தொழிலாளி அறுவடை வரை தன் மடியிலிருந்து சுமக்கிறார். நல்ல மனிதனின் மனச்சாட்சியிலிருந்து சமூகம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறது. பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பதுமில்லை.

1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன விவசாய அமைச்சராக இருந்தபோது நெற்காணிச் சட்டம் வந்தது. வயலைக் குத்தகைக்குச் செய்கிறவனுக்கு அந்த வயலில் உறுதி வேண்டும் என்ற நியாயத்தை அது சட்டமாக்க முயன்றது. அதன் வெற்றி தோல்விகள் வேறு விஷயம். நிலத்துக்கும் உழவனுக்கும் உள்ள உறவு தனிமனிதரின் இரக்கத்தில் தங்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த நிலத்தை உழுகின்ற இயந்திரத்தின் மேல் அமர்ந்திருக்கும் கூலியாளைப் பற்றியும், அது தெருவில் போகும்போது பின்னால் வருகிறவனைப் பற்றியும் நாம் அந்த அளவுக்குப் பேசவில்லை. பேச வேண்டும். ஒவ்வொரு போகத்துக்கும் முன் விவசாயிகள் கூடித் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில், எல்லாப் பெட்டிகளுக்கும் பின்விளக்கும் சுவிச்சும் பார்க்கும் ஒரு நாளையும் ஏன் தீர்மானிக்கக் கூடாது? கமக்காரர் அமைப்புகளின் நிதியிலிருந்து வயரும் பல்பும் வாங்கலாம். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் அந்தக் கொட்டகைக்காரர்களின் பக்கத்தில் நின்று வேலை பழகலாம். ஒரு பெட்டிக்கு வேண்டியது சில யார் வயர், இரண்டு விளக்கு, உடலோடு சேர்வதற்கெனத் தனியாக ஒரு கறுப்பு வயர். கொழுக்கியின் துருவை நம்பினால் விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்துவிடும். தனி ஒருவனுக்குப் பாரமாக இருப்பது, ஊர் கூடிச் செய்தால் பாரமே அன்று.

இதில் இன்னொரு விஷயமும் பணயத்தில் இருக்கிறது. புதிய உழவு இயந்திரங்கள் பலவற்றில் கணினி புகுந்துவிட்டது. பழுது எதுவென்று அறியவே கம்பனியின் மென்பொருள் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய விவசாயி தன் இயந்திரத்தைத் தானே திறக்க முடியாது. அமெரிக்க விவசாயிகள் இதை எதிர்த்துப் போராடினார்கள். கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்கு 2023இல் சட்டம் செய்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு ஜோன் டியர் கம்பனியின் மேல் இதே காரணத்துக்காக வழக்குத் தொடுத்தது. திருத்தும் உரிமையை எதிர்க்கும் கம்பனிகள் சொல்கின்ற வாதங்களில் ஒன்று பாதுகாப்பு: ‘கண்டவர்கள் கைவைத்தால் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெட்டிவிடுவார்கள்.’

அந்த வாதத்தின் பின்னால் இலாபம் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆனால் நாம் ஒவ்வொரு முறை சுவிச்சை வெட்டும்போதும் அவர்களுடைய வாதத்துக்கு ஒரு சாட்சியைக் கொடுக்கிறோம் என்பதையும் அறிய வேண்டும். மாஸி பெர்குசன் 35இன் வயர்களை ஒரு சோதனை விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் தொடர்ந்து போய்ப் புரிந்துகொள்ளலாம். அதில் இரகசியம் இல்லை. இரகசியம் இல்லாத பொருள் உழைக்கும் மக்களுக்குக் கிடைத்த சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்ற, மூடிக்குள் யாரும் காணாத இடத்தில் செய்யும் வேலையும் நேர்மையாக இருக்க வேண்டும். தொழிலாளியின் நேர்மையை முதலாளிக்குச் செய்யும் ஊழியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இங்கே அது தொழிலாளியின் உரிமைக்கே அரண்.

மாலையாயிற்று. வேலை முடிந்தது. கோலை நடுவில் வைத்து இளைஞன் திறப்பைத் திருப்பினான், எஞ்சின் கிளம்பியது. கோலை நகர்த்தி வைத்து மறுபடி திருப்பச் சொன்னார் திருத்துகிறவர், ஸ்டாட்டர் அசையவில்லை. அவர் தலையசைத்தார். பிறகு விளக்கின் சுவிச்சைப் போடச் சொல்லிவிட்டுப் பெட்டியின் பின்னால் போனார். இளைஞன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவன் இருந்த இடத்திலிருந்து அந்த விளக்கு தெரியவில்லை.

“எரியுதா காக்கா?” என்று கேட்டான்.

“எரியுது” என்றார் அவர்.

எரிகிறதா என்று அறிய இன்னொருவனைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அறம் பெரும்பாலும் இப்படித்தான். நாம் ஏற்றிய விளக்கு நமக்குத் தெரியாது. பின்னால் வருகிறவன் சொல்ல வேண்டும். அவன் சொல்லும்படியாக உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அந்த விளக்கு. அதன் விலையை அந்தத் தகரக் கொட்டகை மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமா என்பதை, தோப்பூரின் அரிசியைத் தின்கிற நாம் எல்லோரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.